பியானோ பயிற்சி: எந்த வயதில், எவ்வாறு தொடங்கலாம்?

தடுப்பூசிக்காகவும் வளர்ச்சிப் பரிசோதனைக்காகவும் எங்கள் குழந்தைகள் நலப் பிரிவுக்கு வரும் பெற்றோர் அடிக்கடி கேட்கும் கேள்விகளுள் ஒன்று, பிள்ளையை எந்த வயதில் பியானோ அல்லது கீபோர்டு வகுப்பில் சேர்க்கலாம் என்பதாகும். 3 வயதிலேயே தொடங்காவிட்டால் காலம் கடந்துவிடுமோ என்ற அச்சம் சிலருக்கு உண்டு. பிஞ்சு விரல்களுக்கு ஊறு நேருமோ என்ற அச்சம் வேறு சிலருக்கு உண்டு. பிள்ளையின் கை, கவனம், விருப்பம் ஆகிய மூன்றையும் பார்த்தே இதனை முடிவு செய்ய வேண்டும் என்பது எங்கள் கருத்து.

அறிவு பெருகுமா?

1993ஆம் ஆண்டு ‘நேச்சர்’ இதழில் ஓர் ஆய்வு வெளியானது. மொட்சார்ட்டின் பியானோ இசையைப் 10 நிமிடம் கேட்ட கல்லூரி மாணவர்கள், வடிவங்களை மனத்தில் மடித்தும் திருப்பியும் பார்க்கும் தேர்வில் சற்றுக் கூடுதல் மதிப்பெண் பெற்றனர். அந்தப் பயன் கால் மணி நேரத்திற்குள் மறைந்துவிட்டது. ஆய்வில் குழந்தைகள் எவரும் பங்கேற்கவில்லை. ஆயினும், இசையைக் கேட்டாலே குழந்தையின் அறிவு பெருகும் என்ற நம்பிக்கை உலகெங்கும் பரவியது.

இசையைக் கற்பதன் பயன் வேறு. 2004இல் வெளியான கனடா நாட்டு ஆய்வொன்றில் 6 வயதுப் பிள்ளைகள் 144 பேர் பங்கேற்றனர். கீபோர்டோ வாய்ப்பாட்டோ பயின்றவர்களின் நுண்ணறிவு ஈவு, மற்றவர்களைவிடச் சிறிதளவே கூடுதலாக உயர்ந்தது. நாடகம் பயின்ற பிள்ளைகளிடமோ, பிறரோடு பழகும் திறன் மேம்பட்டிருந்தது.

7 வயதுக்கு முன்பே தொடங்கிய இசைக்கலைஞர்களுக்கு, மூளையின் இரு பாதிகளையும் இணைக்கும் நரம்பிழைகள் வலுவாக இருப்பதையும், தாளத்தோடு விரல்கள் நன்கு இயைவதையும் ஆய்வாளர்கள் கண்டுள்ளனர். ஆனால் அவர்கள் பல்லாண்டுகள் நாள்தோறும் பயின்றவர்கள். வாரம் ஒரு வகுப்புக்குச் செல்லும் பிள்ளைக்கு இதனை அப்படியே பொருத்திப் பார்க்க இயலாது. 8 அல்லது 10 வயதில் தொடங்கும் பிள்ளையும் நன்றாகவே வாசிக்கக் கற்றுக்கொள்ளலாம்.

கை ஆயத்தமாக உள்ளதா?

மணிக்கட்டில் 8 சிற்றெலும்புகள் உள்ளன. பிறக்கும்போது அவை பொதுவாகக் குருத்தெலும்பாகவே இருக்கும். முதலாண்டில் இரண்டும், பின்னர் ஏறத்தாழ ஆண்டுக்கொன்றுமாக அவை எலும்பாக மாறத் தொடங்குகின்றன. கடைசி எலும்புக்கு 9 முதல் 12 வயது வரைகூட ஆகும். அதுவரை காத்திருக்கத் தேவையில்லை. வளரும் கையை நீண்ட நேரம் வருத்தாமலும், எட்டாத கட்டைகளை எட்டுமாறு விரல்களை விரிக்கச் சொல்லாமலும் இருந்தால் போதும். பியானோவில் ஓர் எண்ம இடைவெளியே ஏறத்தாழ 16.5 செ.மீ. அகலம் கொண்டது, சிறு பிள்ளையின் கைக்கு அது எட்டாது.

பின்வருவன ஆயத்தத்தைக் காட்டும் அறிகுறிகள்:

1. ஒரே இடத்தில் 10 நிமிடம் அமர்ந்து ஒரு செயலில் ஈடுபடுதல்.
2. இரண்டு படிகள் கொண்ட கட்டளையைப் புரிந்து செய்தல்.
3. கேட்ட விரலை மட்டும் தனியே அசைத்தல். இடக்கை, வலக்கை வேறுபாடு அறிதல்.
4. பாட்டுக்கு ஏற்பக் கைதட்டுதல்.
5. யாரும் சொல்லாமலே கருவியை நாடிச் செல்லுதல்.

பெரும்பாலான பிள்ளைகளிடம் இவை 5 முதல் 7 வயதுக்குள் அமைகின்றன. அதற்கு முன் பாடுவது, கைதட்டுவது, தாளத்திற்கேற்ப நடப்பது ஆகியவையே சிறந்த இசைப் பயிற்சி. ஜப்பானிய வயலின் ஆசிரியர் ஷினிச்சி சுசுகி (1898–1998) உருவாக்கிய முறையில் 3, 4 வயதுப் பிள்ளைகளும் பயில்கின்றனர். எனினும் அம்முறையில் பெற்றோரும் வகுப்பில் உடனிருக்க வேண்டும். குறியீடுகளைப் படிப்பதற்கு முன் செவியால் கேட்டுப் பழகுவதே முதலிடம் பெறுகிறது.

எவ்வாறு தொடங்குவது?

கீபோர்டைக் கட்டிலின் மீதோ தரையிலோ வைத்து வாசிப்பது பல வீடுகளில் வழக்கம். இதனால் பிள்ளை கூன் போட்டு, மணிக்கட்டை மடக்கி வாசிக்க நேர்கிறது. முழங்கை கட்டைகளின் மட்டத்தில் இருக்குமாறு இருக்கையை உயர்த்துங்கள். தொங்கும் கால்களுக்கு அடியில் மணை ஒன்றை இடுங்கள். பாதம் ஊன்றினால்தான் முதுகு நிமிரும்.

தொடக்கத்தில் நாள்தோறும் 5 முதல் 10 நிமிடப் பயிற்சி போதும். ஞாயிறன்று மட்டும் ஒரு மணி நேரம் வாசிப்பதைவிட இது பயன் தரும். ஹெட்போன் அணிந்து வாசித்தால் ஒலியைக் குறைத்து வையுங்கள். குழந்தைகளுக்கு வாரம் 40 மணி நேரத்திற்கு 75 டெசிபல் என்பதே உலக சுகாதார நிறுவனம் கூறும் வரம்பு.

வலியைப் பொறுத்துக்கொண்டு வாசிக்குமாறு ஒருபோதும் சொல்லாதீர்கள். அடுத்த வீட்டுப் பிள்ளை எழுதிய கிரேடு தேர்வோடு ஒப்பிடவும் வேண்டா. வகுப்பு நாளன்று மட்டும் வயிற்றுவலி என்று பிள்ளை சொன்னால், அதைப் பொய்யென்று தள்ளாமல் காரணத்தைக் கேளுங்கள். மனக்கலக்கமும் பிள்ளைகளிடம் உண்மையான வயிற்றுவலியாக வெளிப்படுவதுண்டு. சில மாதங்கள் நிறுத்திவிட்டுப் பின்னர் தொடர்வதில் இழப்பு ஏதுமில்லை.

எப்போது எங்களிடம் வர வேண்டும்?

விரல் அல்லது மணிக்கட்டு வலி மறுநாளும் நீடித்தாலோ, கை மரத்துப்போனாலோ, ஒரு கை மற்றதைவிட மிகவும் தளர்ந்திருந்தாலோ அழைத்து வாருங்கள். இசைக்குறிப்பை முகத்தருகே கொண்டு சென்று பார்க்கும் பிள்ளைக்குக் கண் பரிசோதனையும், ஆசிரியர் சொல்வதைத் திரும்பத் திரும்பக் கேட்கும் பிள்ளைக்குச் செவிப் பரிசோதனையும் தேவை. மூளை முடக்குவாதம், ஆட்டிசம் போன்ற நிலைகளுள்ள பிள்ளைகளும் இசை கற்கலாம். தொடங்குமுன் அவர்களுடைய சிகிச்சையாளரிடம் கலந்து பேசுங்கள்.

ஐயம் இருப்பின், அடுத்த தடுப்பூசிக்கு வரும் நாளிலேயே எங்களிடம் கேட்கலாம். பிள்ளையின் கையையும் அமரும் நிலையையும் பார்த்துச் சொல்ல எங்களுக்குச் சில நிமிடங்களே போதும்.