ஸ்டியரிங் நடுக்கம்

1948 இல் அறிமுகமான மொறிஸ் மைனர் வண்டிகள் இலங்கை வீதிகளில் இன்றும் ஓடுகின்றன. மணிக்கு 50 மைல் வேகத்தை எட்டும்போது அவற்றின் ஸ்டியரிங் நடுங்குவதுண்டு. முதுமையின் இயல்பென இதனை ஒதுக்கிவிடலாகாது.

அவ்வேகத்தில் சில்லு விநாடிக்கு ஏறத்தாழ 12 முறை சுழல்கின்றது. விளிம்பின் ஒரு புறத்தில் 30 கிராம் எடை மிகுந்தாலும், அஃது ஏறத்தாழ 3 கிலோகிராம் பாரத்துக்கு ஒப்பான விசையுடன் அச்சை இழுக்கும். வேகம் இரட்டித்தால் விசை நான்கு மடங்காகும்.

நடுக்கம் ஒரு குறித்த வேகத்தில் தோன்றி, அதனைக் கடந்ததும் தணிந்தால், பெரும்பாலும் சில்லின் சமநிலைக் குறையே காரணம். பிறேக் மிதிக்கும்போது மட்டும் தோன்றினால் பிறேக் உருளையை ஐயுறலாம். நெடுநாள் நின்ற வண்டியாயின் றயர் தட்டையாகியிருக்கும். சில மைல் ஓடியதும் சீராகும். முன்சில்லுகளைப் பின்னும் பின்சில்லுகளை முன்னுமாக மாற்றிப் பூட்டுக. நடுக்கம் இருக்கைக்கு இடம்பெயர்ந்தால் குற்றம் சில்லினுடையது; ஸ்டியரிங்கிலேயே நின்றால் முன்புற மூட்டுகளை ஆராய வேண்டும்.

விளிம்பில் ஈயத்துண்டு பொருத்தி நடுக்கத்தை அடக்கிவிடலாம். தேய்ந்த மூட்டோ அப்படியே இருக்கும். இவ்வண்டியின் முன்சில்லைத் தாங்கும் கீழ்மூட்டின் புரிகள் கிறீஸின்றித் தேய்ந்தால், ஒருநாள் மூட்டுக் கழன்று சில்லே சாய்ந்துவிடும். ஆகவே, வண்டியை உயர்த்தி, சில்லின் மேலும் கீழும் பிடித்து அசைத்துப் பார்த்த பின்னரே ஈயத்தை நாடுதல் அறிவுடைமை.