தூண்டுதலா, காவல் நீக்கமா?

வைரசின் புரதங்கள் உயிரணுவின் மரபணுக்களைத் தூண்டிப் புற்றுநோயை விளைவிக்கின்றன என்று அறிவியல் நூல்கள் கூறக் காண்கின்றோம். தூண்டுதல் என்னும் அச்சொல் உண்மையின் ஒரு பகுதியையே உணர்த்துகின்றது என்பது எம் கருத்து. கருப்பைக் கழுத்துப் புற்றுநோயைச் சான்றாகக் கொண்டு இதனை ஈண்டு விளக்குவோம்.

இந்நோய்க் கட்டிகளில் மனிதப் பாப்பிலோமா வைரசின் 16-ஆம் வகையை 1983-இலும் 18-ஆம் வகையை 1984-இலும் கண்டு வெளியிட்டோர், செருமானிய அறிஞர் ஹரால்டு சூர் ஹவுசன் குழுவினர். அதன்பொருட்டு அவர் 2008-இல் நோபல் பரிசு பெற்றார். இந்நோயுற்றோருள் ஏறத்தாழ 70 விழுக்காட்டினர்க்கு இவ்விரு வகைகளே காரணமாகும்.

இவ்வைரசு மிகச் சிறியது. தன் டி.என்.ஏ.வைப் படியெடுக்கும் நொதி அதனிடம் இல்லை. உயிரணுவிடமிருந்தே அதனைப் பெறல் வேண்டும். ஆயின், அது பெருகுதற்குரிய மேலடுக்கு உயிரணுக்களோ பிளவுபடுதலை நிறுத்திவிட்டவை. ஆகவே, அங்கு அடங்கிக் கிடக்கும் மரபணுக்களை எழுப்புதல் வைரசுக்கு இன்றியமையாததாகின்றது.

அஃது எங்ஙனம் நிகழ்கின்றது? பிளவுக்குரிய மரபணுக்களை இயக்கவல்ல ஈ2எஃப் என்னும் புரதம் உயிரணுவிலேயே உண்டு. ஆர்பி என்னும் மற்றொரு புரதம் அதனைப் பற்றி அடக்கி நிற்கின்றது. வைரசின் ஈ7 புரதம் ஆர்பியைப் பிணித்து அழிவுக்கு உள்ளாக்க, ஈ2எஃப் கட்டவிழ்கின்றது. மரபணுக்கள் இயங்கத் தொடங்குகின்றன. முறையற்ற பிளவைக் கண்டால் உயிரணுவை நிறுத்தவோ மாய்க்கவோ வல்ல இரண்டாம் காவற்புரதம் பி53 ஆகும். வைரசின் ஈ6 புரதம், உயிரணுவின் சிதைவுப் பொறியைக் கொண்டே அதனை அழிக்கின்றது. குரோமோசோமின் முனைகளைத் தேயாது காக்கும் டெலோமரேசு நொதியின் மரபணுவை இயங்கச் செய்வதும் ஈ6 புரதமே. இவ்வொன்றற்குத் தூண்டுதல் என்னும் சொல் ஓரளவு பொருந்தும். ஏனைய இரண்டும் காவல் நீக்கமேயாம்.

புற்று முற்றியபின் காவல் மீளுமோ எனின், மீளும் என்பதற்குச் சான்று உண்டு. 1951-இல் பால்டிமோர் நகரில் ஹென்றியெட்டா லாக்சு என்பாரின் கட்டியிலிருந்து எடுத்து வளர்க்கப்பட்ட ஹெலா உயிரணுக்கள் 18-ஆம் வகை வைரசின் மரபணுக்களை உடையன. ஈ6, ஈ7 ஆகியவற்றின் ஆக்கத்தை அடக்கும் ஈ2 என்னும் வைரசுப் புரதத்தை அவற்றுள் செலுத்திய ஆய்வு 2000-இல் வெளியாயிற்று. ஆர்பியும் பி53-உம் மீண்டும் தொழிற்பட்டன. உயிரணுக்கள் பெருக்கம் நின்று முதுமையுற்றன.

அரை நூற்றாண்டு பிளவுபட்ட பின்னும் காவற்புரதங்களுக்குரிய மரபணுக்கள் அவ்வுயிரணுக்களில் அழியாதிருந்தன என்பது இதனாற் பெறப்படும். தூண்டுதல் என்று மட்டும் கூறின் இவ்வுண்மை மறைந்துவிடும். காவல் நீக்கம் என்பதோ, நீங்கிய காவலை மீட்கலாம் என்னும் நம்பிக்கையையும் உடன் தருகின்றது. 2006 முதல் வழங்கிவரும் தடுப்பூசி வைரசு புகுவதையே தடுக்கின்றது; முன்னரே நோயுற்றார்க்கு வேண்டுவது அம்மீட்பு நெறியே என்பது எம் துணிபு.