உள்ளங்காலையும் ஒருமுறை பாருங்கள்

கண்டி வாவியை ஒரு சுற்று நடந்தால் மூன்று கிலோமீற்றருக்குச் சற்று மேலே வரும். இரத்த அழுத்தம், நீரிழிவு என்று பயந்து காலையில் அங்கே நடப்பவர்கள் ஏராளம். நடக்கிற காலின் அடிப்புறத்தைத்தான் யாரும் பார்ப்பதில்லை.

தோல் புற்றுநோய் வெயிலால் வெள்ளைக்காரருக்கு வருவது என்றே நம்மில் பலர் நினைக்கிறோம். அதில் மிகக் கொடியது மெலனோமா. நமக்கு அது அரிதுதான். ஆனால் வந்தால் பெரும்பாலும் வெயில் படாத உள்ளங்காலிலும் நகத்தடியிலும்தான் வரும். பாடகர் பொப் மார்லிக்கு 1977இல் கால் பெருவிரலின் நகத்தடியில் கண்டது இதுவே. 1981இல், 36 வயதில் அவர் இறந்தார்.

நகத்தில் நெடுக ஓடும் கருங்கோடு அகன்றுகொண்டே போய், நகத்தைச் சுற்றியுள்ள தோலுக்கும் பரவினால் உடனே காட்ட வேண்டும். உள்ளங்காலில் ஓரம் கோணலாக வளரும் கரும்புள்ளியும் அப்படியே. தேயிலை மலையில் ஏறி இறங்கும் கால்களில் இதை முள் குத்தியது, அட்டை கடித்தது என்று விட்டுவிடுவது எளிது. மாதக்கணக்கில் ஆறாத புண்ணும் பழைய தீக்காயத் தழும்பும்கூடச் சில வேளை வேறு வகைத் தோல் புற்றாக மாறும். கண்டி தேசிய வைத்தியசாலையில் சிகிச்சை இலவசம். ஆனால் தோட்டத் தொழிலாளிக்கு அங்கே போய்வர ஒரு நாள் சம்பளம் போய்விடும். அதனால்தான் நாள் தள்ளிப்போகிறது. ஆரம்பத்திலேயே வெட்டி எடுத்தால் பெரும்பாலோர் பிழைத்துக்கொள்கிறார்கள்.

முற்றிய நோய்க்கும் ஆராய்ச்சி வழி திறந்திருக்கிறது. அமெரிக்க முன்னாள் ஜனாதிபதி ஜிம்மி கார்ட்டருக்கு 2015இல் மெலனோமா மூளை வரை பரவியிருந்தது. உடலின் எதிர்ப்புச் சக்தியைத் தூண்டும் புதிய மருந்தும் கதிர்ச் சிகிச்சையும் பெற்று, 100 வயது வரை வாழ்ந்தார்.

புற்றுநோய்ச் சிகிச்சைக்காக நடந்து பணம் திரட்டுவது நம் நாட்டுக்குப் புதிதல்ல. 2011இல் நாதன் சிவகணநாதன், சரிந்த உனம்புவே என்ற இருவர் தெய்வேந்திரமுனையிலிருந்து பருத்தித்துறை வரை நடந்தார்கள். அந்த நடைபவனியால் தெல்லிப்பழையில் புற்றுநோய் வைத்தியசாலை எழுந்தது. 2016இல் கராப்பிட்டிப் புற்றுநோய் வைத்தியசாலைக்காக வடக்கிலிருந்து தெற்கே நடந்தார்கள்.

கண்டியில் அடுத்த நடைபவனியை யார் நடத்தினாலும், புறப்படும் இடத்தில் ஒரு கூடாரம் போடுங்கள். பேராதனை மருத்துவ பீட மாணவர்கள் வைத்தியருடன் வந்து ஒவ்வொருவரின் பாதத்தையும் பார்க்கட்டும். கலஹா, புசல்லாவைத் தோட்டங்களுக்கும் அதே கூடாரம் போகட்டும். நோயை வென்றவர்கள் அங்கே முன்னால் நின்று பேசட்டும். அவர்கள் சொன்னால் பயந்து ஒதுங்குபவர்களும் காலை நீட்டுவார்கள்.