மண் சுமந்தவன் பெயர் எங்கே?

அமெரிக்காவில், ஒகையோ மாநிலத்து நியூவார்க் நகரில், மண்ணை மதிலாகக் குவித்து எழுப்பிய மாபெரும் வட்டங்களும் ஓர் எண்கோணமும் உண்டு. எண்கோணம் மட்டும் ஏறத்தாழ 50 ஏக்கர்! 18.6 ஆண்டுகளுக்கு ஒருமுறை நிலவு வடகோடிக்குச் சென்று எழும் திசையைக் குறி வைத்து அமைத்திருக்கிறார்கள். இரும்புக் கருவி இல்லை, இழுக்க மாடு இல்லை. குச்சியால் கிளறி, கூடையில் சுமந்து, சுமார் 2,000 ஆண்டுகளுக்கு முன் உழைப்பாளிகள் ஆக்கிய அற்புதம் அது.

யார் அந்த உழைப்பாளிகள்? வெள்ளையர் கேட்டனர், விடையையும் அவர்களே சொல்லிக்கொண்டனர். செவ்விந்தியனுக்கு ஏது இவ்வளவு அறிவு, மறைந்துபோன வேறோர் உயர்ந்த இனத்தின் வேலை இது என்றனர்.

ஏன் இந்தக் கட்டுக்கதை? காரணம் இருக்கிறது, தோழர்களே! பழங்குடி மக்களை மிசிசிப்பி ஆற்றுக்கு மேற்கே அனுப்பும் சட்டம் வந்தது 1830-இல். அதே ஆண்டு, குடியரசுத் தலைவர் ஆண்ட்ரூ ஜாக்சன் அந்த மறைந்த இனத்தைச் சான்றுக்கு அழைத்தார். முன்னொரு இனம் அழிந்து இவர்களுக்கு இடம் விட்டதாம். இன்று இவர்கள் நமக்கு இடம் விட்டால் வருந்துவானேன் என்பது வாதம்!

1894-இல் சைரஸ் தாமஸ் என்ற ஆய்வாளர், மேடுகளை எழுப்பியோர் அந்தப் பழங்குடி மக்களின் முன்னோரே என்று சான்றுகளோடு காட்டினார். மெய் வந்தது, அதற்குள் நிலம் போய்விட்டது!

கட்டியவர்கள் தம்மை எப்பெயரால் அழைத்துக்கொண்டனர் என்பதற்குப் பதிவில்லை. ஆராய்ச்சி நூல்கள் சூட்டிய பெயர் ‘ஹோப்வெல்’. யார் பெயர் அது? இத்தகைய மேடுகள் தோண்டப்பட்ட ஒரு பண்ணையின் சொந்தக்காரர் பெயர்! உழைத்தவன் பெயர் மறைந்தது; பத்திரம் வைத்திருந்தவன் பெயர் நிலைத்தது.

1892-இல் அவ்வட்டார மக்கள் தம்மீதே வரி விதித்துக்கொள்ள வாக்களித்து எண்கோணத்தை வாங்கினர். முதலில் படையினர் முகாமிட்டனர். 1910-இல் அது செல்வர் பந்தாடும் கோல்ஃப் கிளப்புக்குக் குத்தகையானது. கிளப்பின் பெயரோ ‘மேடு கட்டியோர் கிளப்’! கட்டியவரின் வழித்தோன்றல்கள் வெளியே, பெயர் மட்டும் உள்ளே!

2022-இல் ஒகையோ உச்ச நீதிமன்றம், இழப்பீடு கொடுத்துக் குத்தகையை மீட்கலாம் என்று தீர்ப்பளித்தது. 2023-இல் யுனெஸ்கோ அதை உலக மரபுச் சின்னமாக்கியது. 2025 சனவரி 1-இல் எண்கோணம் எல்லோருக்கும் திறந்தது.

நாம் சொல்வது இதுதான்: யார் கட்டியது என்ற கேள்வி எங்கே எழுந்தாலும், கேட்பவன் கண் வரலாற்றின் மேலா, நிலத்தின் மேலா என்று பாருங்கள். உழைத்தவன் பெயரை அழிப்பவன், அடுத்து அவன் மண்ணைக் கேட்பான்!