மலைக்கு ஓடச் சொன்னது யாரிடம்?

நண்பர் ஒருவர் பி.எஃப். பணத்தை எடுத்து, பழனி மலையில் பண்ணைக்காடு பக்கம் நிலம் வாங்கப் போகிறேன் என்றார். காரணம் மத்தேயு 24:16. கடைசி நாட்களில் மலைக்கு ஓடணுமாம். (கொடைக்கானலில் விலை ரொம்ப ஜாஸ்தியாம்!)

வசனத்தை மறுபடி படியுங்கள். ஓட வேண்டியவர்கள் யூதேயாவில் இருப்பவர்கள். அது மாரிகாலத்திலோ ஓய்வுநாளிலோ நேராதபடி வேண்டிக்கொள்ளச் சொல்கிறது 20-ம் வசனம். மழையில் அங்கே காட்டாறுகளைக் கடப்பது கஷ்டம். ஐப்பசியில் வத்தலக்குண்டு மலைப்பாதையில் மாட்டிக்கிட்டவங்களுக்கு இது புரியும். ஓய்வுநாளிலோ யூதர்கள் நடக்கும் தூரத்துக்கே அளவு உண்டு. மொத்த உலகமும் அழியுதுன்னா எந்தக் கிழமையா இருந்தா என்ன?

லூக்கா 21:20 எருசலேமைச் சேனைகள் சூழ்வதை நேராகவே சொல்கிறது. கி.பி. 70-ல் தீத்துவின் ரோமப் படை நகரைப் பிடித்தது, ஆலயம் எரிந்தது.

நண்பரிடம் சொன்னேன். அட்வான்ஸ் இன்னும் கொடுக்கலை என்றார்.