இருப்புப்பாதையும் இழுபாதையும்

இங்கிலாந்து நாட்டின் வடபகுதியில் ஹடர்ஸ்ஃபீல்டு என்றொரு நகர் உண்டு. கம்பளி நெசவால் பெயர் பெற்ற நகர் அது. அங்கிருந்து மேற்கே மான்செஸ்டர் மாநகருக்குச் செல்லும் இருப்புப்பாதை, கோல்ன் என்னும் சிற்றாற்றின் பள்ளத்தாக்கு வழியே பென்னைன் மலைத்தொடரை நோக்கி ஏறுகின்றது. விரைவு வண்டிகளை விடுத்து, ஊர்தோறும் நின்று செல்லும் வண்டியில் அமர்ந்தால், சிறிது நேரத்தில் மார்ஸ்டன் என்னும் மலையடிவாரத்துச் சிற்றூரை அடையலாம். நிலையத்தை விட்டு வெளியே வந்து சில அடிகள் நடந்தால் போதும். அமைதியாகக் கிடக்கும் ஒரு கால்வாயின் கரையில் நிற்போம். ஹடர்ஸ்ஃபீல்டிலிருந்து மலைக்கு அப்பாலுள்ள ஆஷ்டன் வரை 32 கிலோமீட்டர் நீண்டு செல்லும் கால்வாய் இது. நகரத்து இரைச்சலில் களைத்த மக்கள், விடுமுறை நாள்களில் வண்டியேறி வந்து இக்கரையில் உலவுகின்றனர்.

புகைவண்டி நிலையத்திற்கு இத்துணை அருகில் கால்வாய் அமைந்தது எவ்வாறு? மலைநாட்டில் வழி அமைப்போர் அனைவரும் ஏற்றம் குறைந்த இடத்தையே நாடுவர். ஆறு தனக்கு வகுத்துக்கொண்ட பள்ளத்தாக்கே அத்தகைய இடம். ஆகவே ஆறு, சாலை, கால்வாய், இருப்புப்பாதை ஆகிய நான்கும் ஒரே பள்ளத்தாக்கில் அடுத்தடுத்துச் செல்கின்றன. இதனால் நடப்போர்க்கு ஒரு நன்மை உண்டு. ஒரு நிலையத்தில் இறங்கிக் கரைவழியே நடந்து, அடுத்த நிலையத்தில் வண்டி ஏறி வீடு திரும்பலாம். வந்த வழியே மீண்டும் நடக்க வேண்டுவதில்லை.

கால்வாய்க் கரையிலுள்ள பாதை நடப்போர்க்கென்று அமைந்ததன்று. இயந்திரப் படகுகள் தோன்றாத காலத்தில் குதிரைகளே படகுகளை இழுத்துச் சென்றன. படகில் கட்டிய நீண்ட கயிற்றை இழுத்துக்கொண்டு குதிரை கரைமேல் நடக்கும். அதனால் அது இழுபாதை எனப்பட்டது. சாலையில் வண்டி இழுக்கும் குதிரையினும் நீரில் படகு இழுக்கும் குதிரை பன்மடங்கு சுமையைக் கொண்டு செல்ல வல்லது. நிலக்கரியும் கம்பளியும் கல்லும் இவ்வாறே ஊர்விட்டு ஊர் சென்றன. நீர் எங்கும் மட்டமாக நிற்பதால் அதன் கரையும் மட்டமாகவே இருக்கும். எனவேதான் மலைநாட்டின் நடுவிலும் முதியோரும் சிறுவரும் இளைப்பின்றி நடக்க இயலுகின்றது.

நீர் மட்டமாக நிற்குமாயின், படகு மலைமேல் ஏறுவது எங்ஙனம்? அதற்கென அமைந்தவையே பூட்டுமதகுகள். பூட்டுமதகு என்பது கால்வாயின் இடையே கல்லால் கட்டிய ஒரு தொட்டி. அதன் இரு முனைகளிலும் கதவுகள் உண்டு. மேலே செல்லும் படகு கீழ்க்கதவின் வழியாகத் தொட்டியினுள் நுழையும். அக்கதவை அடைத்து, மேற்புறத்து மடையைத் திறப்பர். நீர் உட்பாய்ந்து நிறையும். நீரோடு படகும் உயரும். இருபுறத்து நீரும் ஒரே மட்டத்தை அடைந்தவுடன் மேற்கதவைத் திறந்து படகு வெளியேறும். படிப்படியாக ஏறும் இக்கால்வாயில் இத்தகைய பூட்டுமதகுகள் 74 உள்ளன. அவற்றுள் 42 ஹடர்ஸ்ஃபீல்டுக்கும் மார்ஸ்டனுக்கும் இடையே அமைந்தவை. ஒவ்வொரு முறை மதகு திறக்கும்போதும் மேலுள்ள நீர் கீழே இறங்கிவிடும். அந்த இழப்பை ஈடுசெய்ய மலைமேல் நீர்த்தேக்கங்களையும் அமைத்தனர்.

மார்ஸ்டனிலிருந்து மேற்கே ஒரு கிலோமீட்டருக்கும் குறைந்த தொலைவு நடந்தால் கால்வாய் மலைக்குள் புகுந்து மறைவதைக் காணலாம். அதுவே ஸ்டானெட்ஜ் குகைவழி. பிரிட்டனிலுள்ள கால்வாய்க் குகைவழிகளுள் மிக நீளமானதும், மிக உயரத்தில் அமைந்ததும், மிக ஆழத்தில் செல்வதும் இதுவே. இதன் நீளம் 5 கிலோமீட்டருக்கும் மேல். 1794-இல் தொடங்கிய பணி 1811-இல்தான் நிறைவெய்தியது. முதலில் பொறுப்பேற்ற பொறியாளர் பெஞ்சமின் அவுட்ரம் இடையில் விலகினார். இரு முனைகளிலிருந்தும் தோண்டி வந்த வழிகள் நேர்கோட்டில் அமையவில்லை. பின்னர்த் தாமஸ் டெல்ஃபோர்டு என்னும் புகழ்பெற்ற பொறியாளரின் அறிவுரையைப் பெற்றுப் பணியை முடித்தனர். வெடிமருந்தும் கடப்பாரையும் கொண்டு பாறையைப் பிளந்த தொழிலாளர் பலர் அங்கே உயிர் நீத்தனர்.

செலவைக் குறைக்கும் பொருட்டுக் குகையினுள் இழுபாதை அமைக்கவில்லை. எனவே குதிரையை அவிழ்த்து மலைமேல் நடத்திச் சென்றனர். படகை உந்திச் செல்ல ஆட்கள் இருந்தனர். அவர்கள் படகின்மேல் மல்லாந்து படுத்து, கால்களால் குகைச் சுவரை உதைத்து உதைத்துப் படகை நகர்த்தினர். சுமையேற்றிய படகு இருளில் அக்குகையைக் கடக்க ஏறக்குறைய மூன்று மணி நேரம் ஆயிற்று.

இத்துணை உழைப்பால் உருவான கால்வாய் நெடுங்காலம் சிறப்புற்று விளங்கவில்லை. இருப்புப்பாதை வந்தது. 1845-இல் இருப்புப்பாதைக் குழுமமே கால்வாயையும் தன்வயப்படுத்திக்கொண்டது. கால்வாய்க் குகைக்கு அருகிலேயே தொடர்வண்டிக்கும் குகை தோண்டினர். அப்போது வெட்டிய கல்லையும் மண்ணையும் வெளியே சுமந்து சென்றவை கால்வாய்ப் படகுகளே. தன்னை வெல்ல வந்த போட்டியாளனுக்குக் கால்வாய் தானே வழி திறந்துவிட்டது! மணிக்கணக்கில் கடந்த மலையை வண்டிகள் சில நிமிடங்களில் கடந்தன. படகுகள் குறைந்தன. 1944-இல் கால்வாய் சட்டப்படி கைவிடப்பட்டது. மதகுகள் சிதைந்தன. சில இடங்களில் கால்வாயைத் தூர்த்து அதன்மேல் கட்டடங்களும் எழுப்பினர்.

எனினும், முன்னோர் உழைப்பு மண்ணுள் மறைவதைக் கண்டு வருந்தியோர் சிலர் இருந்தனர். அவர்கள் 1974-இல் ஹடர்ஸ்ஃபீல்டு கால்வாய்ச் சங்கத்தை நிறுவினர். ‘இது வீண் முயற்சி’ என்று பலர் கருதினர். சங்கத்தாரோ தளரவில்லை. விடுமுறை நாள்களில் மண்வெட்டி ஏந்திச் சேறு அகற்றினர், மதகுகளைச் செப்பனிட்டனர், ஊராட்சி அமைப்புகளின் உதவியையும் நாடிப் பெற்றனர். இருபத்தேழு ஆண்டுகளுக்குப் பின், 2001-இல், கால்வாய் முழுமையும் மீண்டும் திறக்கப்பட்டது.

மார்ஸ்டனிலிருந்து கிழக்கே ஸ்லாத்வெயிட் என்னும் ஊர் வரை ஏறத்தாழ 5 கிலோமீட்டர் நடந்தால் அம்முயற்சியின் பயனைக் கண்ணாரக் காணலாம். ஏறக்குறைய இருபது மதகுகள் படிக்கட்டுப் போல் ஒன்றன்கீழ் ஒன்றாக இறங்குகின்றன. ஒருபால் மரநிழல், ஒருபால் ஆடு மேயும் பசும்புல் சரிவு, இடையிடையே கல்லால் கட்டிய பழைய நெசவாலைகள். நீரில் வாத்துகள் நீந்துகின்றன. ஸ்லாத்வெயிட் ஊரில், ஒருகால் தூர்ந்து கிடந்த கால்வாய் இன்று கடைத்தெருவின் அருகே நீர் நிறைந்து நிற்கின்றது. அங்கேயும் ஒரு நிலையம் உண்டு. வீடு திரும்ப வண்டி ஏறலாம்.

கால்வாயின் வாழ்வைக் குலைத்த இருப்புப்பாதையே இன்று அதனைக் காண மக்களை அழைத்து வருகின்றது. பொதுமக்களுக்கென எழுந்த ஒரு படைப்பு, அதன் முதற்பயன் ஒழிந்தவுடன் பயனற்றதாகிவிடாது. சுமை ஏற்றிச் சென்ற வழி, இன்று உடலுக்கு நலமும் உள்ளத்திற்கு அமைதியும் தரும் வழியாகியிருக்கின்றது. ஆயினும் அது தானாகவே பிழைத்திருக்கவில்லை. அதைத் தமதென்று கருதிய எளிய மக்கள் சேற்றில் இறங்கி உழைத்ததனாலேயே பிழைத்தது. நம் ஊரின் குளத்தையும் வாய்க்காலையும் கடந்து செல்லும்போது நாம் எண்ணிப் பார்க்க வேண்டிய செய்தி இது.