எழுத்தைச் சுமக்கும் கம்பிகள்: ஆர்.எஸ். 232 இணைப்பின் அடிப்படை

ஒரு கணினி மற்றொன்றோடு உரையாட எத்தனை கம்பிகள் வேண்டும்? மூன்றே போதும் என்பதை ஆர்.எஸ். 232 என்னும் தொடர்நிலை இணைப்பு காட்டுகிறது. அமெரிக்காவில் 1960-இல் வகுக்கப்பெற்று, 1969-இல் 'சி' என்னும் திருத்தம் கண்ட இத்தரம், யூ.எஸ்.பி. வந்தபின் வீட்டுக் கணினிகளினின்று மறைந்தது. ஆயினும் தொழிற்சாலைக் கருவிகளில் இன்றும் வாழ்கிறது.

முதலில் கம்பிகளைக் காண்போம். ஒன்பது முனை இணைப்பானில், கணினியின் 2-ஆம் முனை பெறுவதற்கும், 3-ஆம் முனை அனுப்புவதற்கும் உரியவை. 5-ஆம் முனை இருபுறத்திற்கும் பொதுவான தரை. மோடத்தோடு இணைக்கும்போது கம்பிகள் நேராகச் செல்லும். இரு கணினிகளை இணைக்கும்போதோ 2-உம் 3-உம் குறுக்காக மாறவேண்டும். ஒன்றின் வாய் மற்றொன்றின் செவியோடு பொருந்தினாலன்றிப் பேச்சு நிகழாது.

அடுத்து, குறிகை. தரையோடு ஒப்பிட, பெறும் முனையில் −3 முதல் −15 வோல்ட் வரை இருப்பின் அது 1. +3 முதல் +15 வரை இருப்பின் 0. இடைப்பட்ட பகுதிக்குப் பொருளில்லை. இவ்விடைவெளியே சிறு மின்னிரைச்சல் செய்தியைக் கெடுக்காமல் காக்கிறது.

ஓய்ந்திருக்கும் கம்பி 1 என்னும் எதிர் மின்னழுத்தத்தில் நிற்கும். அது 0-ஆக மாறுவதே தொடக்கப் பிட். அதன்பின் எழுத்தின் பிட்டுகள் கடைசி இலக்கத்திலிருந்து ஒவ்வொன்றாகச் செல்லும்; இறுதியில் நிறுத்தப் பிட்டாக 1 வரும். ஆங்கிலப் பெரிய எழுத்து 'ஏ'-யின் எண் 65; இரும முறையில் 01000001. கம்பியில் அது 0, 10000010, 1 எனச் செல்லும். நேரம் காட்டத் தனிக் கம்பி இல்லையாதலின், இருபுறமும் வேகத்தை முன்னரே ஒத்துக்கொள்ள வேண்டும். நொடிக்கு 9600 பிட் எனக் கொண்டால், எழுத்துக்குப் பத்துப் பிட் வீதம் 960 எழுத்துகள் செல்லும்.

தமிழுக்கு இதில் ஒரு செய்தி உண்டு. யூ.டி.எஃப். 8 முறையில் 'அ' என்பது 224, 174, 133 என்னும் மூன்று பைட்டுகள். ஆகவே அதே வேகத்தில் நொடிக்கு 320 அகரங்களே செல்லும். இருபுறமும் எட்டுப் பிட்டுக்கு மாறாக ஏழு பிட் என அமைத்துவிட்டால், ஒவ்வொரு பைட்டிலும் 128 கழிந்து 96, 46, 5 என வந்து சேரும். ஆங்கிலம் பழுதின்றிச் செல்ல, அகரமோ ஒரு சாய்குறியாகவும் முற்றுப்புள்ளியாகவும் கண்ணுக்குத் தெரியாக் கட்டளையாகவும் சிதையும். கம்பியில் குறையில்லை, உடன்பாட்டில்தான் குறை.

வகுப்பறையில் இதனை எளிதில் ஆராயலாம். ஒரே கணினியின் 2, 3 முனைகளை இணைத்து முனைய நிரலில் தட்டச்சு செய்தால், அனுப்பிய எழுத்தே திரும்பி வரும். அமைப்பை எட்டிலிருந்து ஏழாக மாற்றித் தமிழில் தட்டச்சு செய்து பார்க்கட்டும்; நம் எழுத்துக்கு எட்டாம் பிட் எத்துணை இன்றியமையாதது என்பதை மாணவர் தாமே உணர்வர்.